டெனாலியில் பேருந்தேறி வனவிலங்கு பார்க்க ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்கா ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் பரப்புள்ளது. உள்ளே போக இருப்பதோ ஒரே ஒரு சாலை. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மேற்கே காண்டிஷ்னா வரை 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர். முதல் 15 மைலுக்குத்தான் தார் போட்டிருக்கிறார்கள். சேவேஜ் ஆற்றைத் தாண்டினால் சரளைக்கல் சாலை. கோடையில் சொந்தக் காரும் வாடகைக் காரும் அந்த ஆற்றோடு திரும்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் பேருந்து, சைக்கிள், நடை மட்டுமே.

இந்த ஏற்பாடு 1972இல் வந்தது. ஆங்கரேஜையும் ஃபேர்பேங்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை முடிந்ததும் கார்கள் வந்து குவியும், ஒற்றைச் சாலை தாங்காது, விலங்குகள் ஓரங்கட்டிப் போய்விடும் என்று முன்கூட்டியே கணித்துத்தான் பேருந்தைக் கட்டாயமாக்கினார்கள். அதன் பலனை இன்று பயணிகள் அனுபவிக்கிறார்கள். பேருந்து இங்குள்ள விலங்குகளுக்குப் பழகிப்போன பொருள். சாலையோரம் மேயும் கரடி பேருந்து வந்து நின்றால் பெரும்பாலும் தலையைக்கூடத் தூக்காது. ஆகவே 'பேருந்தில்தான் போக வேண்டுமா' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மலைநாட்டில் விலங்கு பார்க்க அதைவிட வாகான மறைவிடம் கிடையாது. பேருந்து உங்களை இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் உங்கள் வேலை.

சாலை இப்போது எதுவரை?

பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். ஐல்சன், வொண்டர் ஏரி, காண்டிஷ்னா என்று அவற்றில் வரும் பெயர்களெல்லாம் 43ஆம் மைலுக்கு அப்பால் உள்ளவை. 45ஆம் மைலுக்குச் சற்று அப்பால் 'பிரிட்டி ராக்ஸ்' என்ற இடத்தில் மலைச்சரிவு நழுவிக்கொண்டிருக்கிறது. உள்ளே காலங்காலமாக உறைந்து கிடந்த மண்ணும் பனியும் இளகியதே காரணம். ஆண்டுக்குச் சில அங்குலம் என்று நகர்ந்துகொண்டிருந்த சரிவு, 2017 வாக்கில் மாதத்துக்குச் சில அங்குலமாகி, பிறகு வாரத்துக்கு, நாளுக்கு என்று வேகம் பிடித்தது. சரளைக்கல் கொட்டி நிரப்பிப் பார்த்தார்கள், ஈடுகொடுக்க முடியவில்லை. 2021 ஆகஸ்டில் சாலையை அங்கே மூடிவிட்டார்கள்.

சரிவைத் தொடாமல் தாண்டிப்போக ஓர் எஃகுப் பாலம் கட்டும் வேலை நடக்கிறது. அது முடிந்து சாலை திறக்கும்வரை பேருந்துகள் 43ஆம் மைலில், ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றருகே திரும்பிவிடும். இந்த வழிகாட்டியும் அந்த 43 மைலுக்கானதே. நீங்கள் போகும் ஆண்டில் பேருந்து எதுவரை ஓடுகிறது என்பதைப் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு விமான டிக்கெட்டில் கை வையுங்கள். விலங்கு பார்ப்பதைப் பொறுத்தவரை இந்தத் தடையால் பெரிய இழப்பில்லை. மூஸ் (பெரிய மான் இனம்), டால் ஆடு (வெள்ளை மலையாடு), கரிபூ (பனிநாட்டு மான்), கிரிஸ்லி (பழுப்புக் கரடி) நான்குக்கும் நல்ல இடங்கள் இந்த 43 மைலுக்குள்ளேயே இருக்கின்றன. மலைச்சிகரத்தை நெருங்கிப் பார்ப்பதுதான் இப்போதைக்கு இல்லை.

எந்த மாதம்?

பேருந்து ஓடுவது மே மாதம் 20ஐ ஒட்டித் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை. நான்கு மாதம்கூட முழுதாக இல்லை. அதற்குள்ளேயே பூங்கா மூன்று வெவ்வேறு முகங்களைக் காட்டும் என்பதால் தேதியை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மே இறுதி, ஜூன் தொடக்கம்: மூஸ் குட்டி போடும் காலம். நுழைவாயிலை ஒட்டிய காட்டில் தாயும் குட்டியுமாகப் பார்க்கலாம். குட்டிகளைக் குறிவைத்து கரடியும் ஓநாயும் சுற்றும். செடிகளில் இலை முழுதாக விட்டிருக்காது, எனவே பார்வை தடைபடாது. பழக்கமுள்ளவர்கள் பலர் விரும்புவது இந்தப் பருவத்தைத்தான்.

ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஜூலை முடிய: பகல் மிக நீளமாக இருக்கும்; ஜூன் 20ஐ ஒட்டிச் சூரியன் மறைவதே நள்ளிரவைத் தாண்டித்தான். கொசுவும் அப்போதுதான் உச்சம். சில ஆண்டுகளில் காட்டுத்தீப் புகை வந்து பள்ளத்தாக்கையே மூடிவிடும். கூட்டமும் அதிகம்.

ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை: எங்களைக் கேட்டால் இதுதான் பொன்னான காலம். மரமில்லாத குளிர்வெளியான தூந்திரா முழுக்கச் சிவந்துபோகும். கரடிகள் குளிர்காலத்துக்கு உடம்பில் கொழுப்பேற்ற, நாளெல்லாம் பழப்புதர்களை விட்டு நகராமல் தின்றுகொண்டிருக்கும். கரிபூவும் ஆண் மூஸும் முழுக்கொம்போடு நிற்கும். மழையும் அதிகம் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்: பச்சை வண்டியா, பழுப்பு வண்டியா?

இரண்டு வகைப் பேருந்துகள். பழுப்பு நிற வண்டி சுற்றுலாவுக்கானது. ஓட்டுநரே வழிகாட்டி, ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டே வருவார், சிற்றுண்டியும் தருவார்கள். ஏறியவர் கடைசிவரை அதே வண்டியில்தான் வர வேண்டும். இதில் 43ஆம் மைல் வரை போகும் 'தூந்திரா வில்டர்னஸ் டூர்' வேறு, வரலாற்றை மையமாக வைத்த குறுகிய சுற்று வேறு. பெயரைச் சரியாகப் பார்க்காமல் குறுகியதை வாங்கிவிட்டு, கரடி நாட்டுக்குள் நுழையும் முன்பே திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

பச்சை வண்டி போக்குவரத்துக்கானது. விளக்கம் சொல்வது ஓட்டுநரின் கடமையல்ல. ஆனால் பெரும்பாலான ஓட்டுநர்கள் சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். விலங்கு தென்பட்டால் இதுவும் நிற்கும். வழியில் இறங்கி நடந்துவிட்டு, பின்னால் வரும் வேறொரு பச்சை வண்டியில் இடமிருந்தால் ஏறிக்கொள்ளலாம். கட்டணம் ஏறக்குறைய 30 முதல் 35 டாலர். 15 வயதுவரை பிள்ளைகளுக்கு இலவசம். சுற்றுலா வண்டிக்கு இதைப்போல நான்கு மடங்கு ஆகும். இரண்டும் போவது ஒரே சாலையில், பார்ப்பது ஒரே விலங்குகளை. ஆங்கில விளக்கம் இல்லாமல் முடியாது என்றாலோ, வயதானவர்களுடன் போவதால் ஏற்பாடு முழுவதும் பிறர் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாலோ பழுப்பு வண்டி. மற்ற எல்லோருக்கும் பச்சை வண்டி போதும்.

கட்டணத்தோடு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் பூங்கா நுழைவுக்கட்டணம் 15 டாலர் தனி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை வைத்திருந்தால் பதிவின்போதே குறிப்பிடுங்கள், இந்த 15 டாலர் மிச்சம்.

பதிவுத் தளம் வழக்கமாக முந்தைய டிசம்பர் முதல் தேதி திறக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதக் காலை வண்டிகள் முதலில் தீரும். பச்சை வண்டிக்குப் பதிவு செய்யும்போது 'ஈஸ்ட் ஃபோர்க் டிரான்சிட்' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தை, சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குரிய கார் சீட் பேருந்திலும் கட்டாயம். அலாஸ்கா சட்டம் அப்படி. சக்கர நாற்காலி ஏற்றும் வண்டி வேண்டுமானால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இடம் கிடைக்காமல் போனாலும் மனம் தளர வேண்டாம். ரத்தாகும் இருக்கைகள் முந்தைய நாளும் அன்று காலையும் பேருந்து நிலையச் சாளரத்தில் கிடைப்பதுண்டு, குறிப்பாக ஓரிருவராகப் போகிறவர்களுக்கு.

எந்த நேரத்து வண்டி? அதிகாலையில் கிளம்பும் முதல் இரண்டு மூன்றில் ஒன்று. முதல் வண்டிக்கு முன்னால் சாலையில் யாரும் போயிருக்க மாட்டார்கள். ஓநாயும் லின்க்ஸ் பூனையும் சாலையிலேயே நடந்து வரும் வாய்ப்பு அப்போதுதான். வெயில் ஏறிவிட்டால் கரடி புதருக்குள் படுத்துவிடும், மூஸ் நிழலுக்குப் போய்விடும். மந்தாரமாகக் குளிர்ந்து கிடக்கும் நாளில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அன்று நடுப்பகலிலும் எல்லாம் வெளியில்தான் இருக்கும்.

முதல் நாளே பையைக் கட்டுங்கள்

43ஆம் மைல் போய்த் திரும்ப ஏறக்குறைய 5 மணி நேரம். வழியில் கடை கிடையாது, டீ கிடையாது. நுழைவாயிலைத் தாண்டிச் சில மைலிலேயே போன் சிக்னலும் போய்விடும்.

உணவு: கையில் எடுத்துத் தின்னக்கூடியதாக, வாசனை குறைவானதாக இருக்கட்டும். சரளைச் சாலைக் குலுக்கலில் சாம்பார் சாதமெல்லாம் சரிப்படாது. சப்பாத்தி உருட்டு, புளியோதரை, முறுக்கு, கடலை போன்றவை பரவாயில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஆங்கரேஜிலோ ஃபேர்பேங்ஸிலோ வாங்கிக்கொண்டு வருவது உத்தமம். பூங்காவுக்கு வெளியே உள்ள கடைத்தெருவில் தேர்வு குறைவு, விலை அதிகம். உணவுப் பொட்டலத்தை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். ஒரு பருக்கைகூட வெளியே விழக் கூடாது. மனித உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப மனிதரைத் தேடி வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வரலாம்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு லிட்டர். கிளம்பும் முன் அளவாகக் குடியுங்கள், கழிப்பறைகள் தூர தூரத்தில்தான் இருக்கின்றன.

உடை: ஜூலையிலும் பனி விழக்கூடிய ஊர். உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே ஃபிளீஸ் மேல்சட்டை, அதற்கும் மேலே மழைக்கோட்டு, தலைக்குக் குல்லாய், மெல்லிய கையுறை. வெளியே குளிரில்லாவிட்டாலும் பேருந்துக்குள் குளிரும். விலங்கு பார்க்க எல்லோரும் ஜன்னலை இறக்கிவிடுவார்கள், அது ஏறவே ஏறாது.

பைனாகுலர்: தலைக்கு ஒன்று. இரண்டு பேருக்கு ஒன்று என்று மிச்சம் பிடித்தால் 'கொடு கொடு' என்று பிடுங்குவதற்குள் ஓநாய் போய்விடும். 8x42 அளவு போதும். 10 மடங்குக் கண்ணாடி பெரிதாகக் காட்டும்தான், கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். முதல் நாளே கண்ணுக்கேற்றபடி திருகிச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் வாந்தி வரும் உடல்வாகு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். கரடி விரட்டும் ஸ்பிரேயை விமானத்தில் எடுத்துவர முடியாது. உள்ளூரில் வாங்க வேண்டும். கையில் இருந்தால் ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். மூடிய வண்டிக்குள் தவறுதலாக அழுந்தினால் அத்தனை பேர் கண்ணும் போச்சு.

ஏறும் இடமும் இருக்கையும்

டெனாலி பேருந்து நிலையம் நுழைவாயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருந்தால் ஒரு மணி நேரம். பேருந்து யாருக்காகவும் காத்திருக்காது.

இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலிடம். போகும்போது இடப்பக்கம் நல்லது என்று பலரும் சொல்வார்கள். பள்ளத்தாக்குகளும் மலைத்தொடரும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விரியும் என்பதால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்பும்போது பக்கம் மாறிவிடும், விலங்குகளும் பக்கம் பார்த்து வருவதில்லை. பக்கத்தைவிட முக்கியம் இரண்டு விஷயம். சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையில் கால் மடங்கிப்போகும், குலுக்கலும் அதிகம். கடைசி வரிசையில் தூசி. முன்பாதியில் சக்கரத்துக்குத் தள்ளி ஓர் இருக்கை கிடைத்தால் எந்தப் பக்கமானாலும் உட்காருங்கள்.

உட்கார்ந்ததும் ஜன்னலைத் திறந்து மூடிப் பழகுங்கள். இது பள்ளிப் பேருந்து வகை ஜன்னல். மேல் கண்ணாடியின் இரு ஓரத்திலும் உள்ள கொக்கிகளை இரு கையாலும் ஒரே நேரத்தில் உள்நோக்கி அழுத்திக்கொண்டு கீழே இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் கோணிக்கொண்டு நடுவில் சிக்கிவிடும். கரடி எதிரே நிற்கும்போது ஜன்னலோடு மல்லுக்கட்டும் சத்தம்தான் பேருந்தில் அடிக்கடி கேட்கும் சத்தம்.

மைல் கணக்கில் எங்கே எதைத் தேடுவது

0 முதல் 9ஆம் மைல் வரை ஸ்ப்ரூஸ் மரக்காடு. இது மூஸின் இடம். காட்டுக்குள் கருப்பாக அசையாமல் நிற்கும். மரத்தூர் என்று கண் தாண்டிப்போய்விடும். முழு உருவத்தைத் தேடாதீர்கள். குத்துச்செடிகளுக்கு மேலே கிடையாகத் தெரியும் கருங்கோட்டை, அதாவது முதுகைத் தேடுங்கள். காட்டில் மரமெல்லாம் நெடுக்காகத்தான் நிற்கும். கிடையாக ஒன்று தெரிந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள். வில்லோ செடிகள் அடர்ந்த ஓடைக்கரைகளை விடாதீர்கள், அதுதான் அதன் சாப்பாடு.

9ஆம் மைலை ஒட்டி மரங்கள் குறைந்து வெட்டவெளி தொடங்கும். வானம் தெளிந்திருந்தால் டெனாலிச் சிகரம் முதன்முதலாக இங்கேதான் தெரியும், நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து. 20,310 அடி, வட அமெரிக்காவிலேயே உயரமானது. 2025 முதல் அமெரிக்க அரசின் வரைபடங்களில் சிகரத்தின் பெயர் மெக்கின்லி. பூங்காவின் பெயர் டெனாலியேதான். வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே சிகர தரிசனம் வாய்க்கும் என்பது இங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சிகரம் தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, அடிவாரத்தில் வெயில் அடிப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தெரிந்தால் அப்போதே படமெடுத்துவிடுங்கள். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூடிவிடும்.

15ஆம் மைலில் சேவேஜ் ஆறு. இங்கே வனத்துறை ஊழியர் வண்டியில் ஏறிச் சில வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புவதும் உண்டு. அகலமான சரளை ஆற்றுப்படுகையில் கரிபூ நடந்துபோகும். ஆற்றின் இருமருங்கிலும் உள்ள பாறைகளில் டால் ஆடுகளையும் பார்க்கலாம்.

23ஆம் மைலில் சாங்சுவரி ஆறு, 30இல் டெக்லனிக்கா. டெக்லனிக்காவில் வண்டி பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். கழிப்பறைக்கு முதலில் போய்விட்டுப் பிறகு ஆற்றைப் பாருங்கள், வரிசை நீளமாக இருக்கும். பின்னலாகப் பிரிந்து ஓடும் ஆற்றின் நடுத்திட்டுகளைப் பைனாகுலரில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாக ஓட்டுங்கள். ஓநாய், கரடி இரண்டுக்கும் ஆற்றுப்படுகைதான் நடைபாதை.

34 முதல் 38 வரை இக்லூ பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான மலைகள், இக்லூ மலையும் கதீட்ரல் மலையும். இவை டால் ஆடுகளின் கோட்டை. 1917இல் இந்தப் பூங்கா உருவானதே, வேட்டையில் அழிந்துகொண்டிருந்த இந்த ஆடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வேட்டைக்காரரும் இயற்கை ஆர்வலருமான சார்ல்ஸ் ஷெல்டன் போராடியதால்தான். புல்சரிவில் சிந்திய அரிசிபோல வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பனித்திட்டு எது, ஆடு எது? சுத்த வெள்ளையாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு இருந்தால் பனி. சற்று மங்கிய, தந்தநிற வெள்ளையாக, ஏறக்குறைய ஒரே அளவில் பல புள்ளிகள் இருந்தால் ஆடு. சந்தேகமானால் ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு அரை நிமிடம் கழித்துப் பாருங்கள், நகர்ந்திருந்தால் தெரிந்துவிடும். பேருந்துக்குள்ளிருந்து பார்க்கக் கழுத்தை நன்றாக வளைத்துக் குனிய வேண்டும், அவை இருப்பது தலைக்கு மேலே. பெரும்பாலானோர் இங்கே ஆட்டைத் தவறவிடுவது மலையின் பாதி உயரம்வரைதான் பார்க்கிறார்கள் என்பதால்.

39ஆம் மைல் சேபிள் கணவாய், சுமார் 3,900 அடி. மரமே கிடையாது. கிரிஸ்லி பார்க்க இந்தச் சாலையில் இதைவிட நல்ல இடம் இல்லை. அதற்காகவே சாலையை விட்டு இறங்கி நடக்க இங்கே தடை. டெனாலிக் கரடிகள் வைக்கோல் நிறம். கருங்கரடியை மனத்தில் வைத்துத் தேடினால் கண்ணில் படாது. வசந்தத்திலும் முன்கோடையிலும் கிழங்கு தோண்டும். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, தோள் திமிலின் முழுப் பலத்தையும் போட்டு, புல்தரையைப் பாய் சுருட்டுவதுபோலப் புரட்டிப்போடும். பிறகு மூக்கை விட்டுக் கிழங்கை மட்டும் பிரித்தெடுக்கும். கருப்பாகப் புரண்டு கிடக்கும் மண்ணைக் கண்டால் சுற்றுவட்டாரத்தைச் சல்லடை போட்டுத் தேடுங்கள். அணில் வளையைத் தோண்டும்போது மண் பின்னங்கால் வழியே பறக்கும். ஜூலை இறுதிக்கு மேல் சோப்பெர்ரி, புளூபெர்ரிப் புதர்களில் தலையைக் கவிழ்த்துவிட்டால் மணிக்கணக்கில் அதே இடம்தான்.

கரிபூவை இந்த உயரங்களில் வெயில் நாளில் பனித்திட்டுகள் மேல் தேடுங்கள். ஈ, கொசுத் தொல்லைக்குப் பயந்து குளிர்ந்த பனியிலும் காற்றடிக்கும் மேட்டுவரம்புகளிலும் போய் நிற்கும். கிடாவுக்கு மட்டுமல்ல, பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கொம்பைப் பார்த்து ஆண் என்று முடிவு கட்டாதீர்கள்.

43ஆம் மைல், ஈஸ்ட் ஃபோர்க். ஓநாய்களைக் காட்டிலேயே பின்தொடர்ந்து ஆராய்ந்த அடால்ஃப் மியூரி 1939இல் தொடங்கித் தங்கி வேலைசெய்த மரக்குடில் இங்கேதான் இருக்கிறது. வண்டி திரும்புமுன் ஆற்றுப்படுகையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஓநாய் தென்படுவது அபூர்வம். 'பார்த்தே தீருவோம்' என்று யாரும் கிளம்பக் கூடாது.

மூஸ், டால் ஆடு, கரிபூ, கிரிஸ்லி, ஓநாய் என்ற பெரிய ஐந்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மீதி போய்விடும். சாலை வளைவில் எழுந்து நின்று கத்தும் ஆர்க்டிக் தரை அணில், பாறை இடுக்கில் முயல் இனத்துச் சிற்றுயிரான பைக்கா, வட்டமிடும் பொன்னாங்கழுகு, குஞ்சுகளோடு சாலையை நிதானமாகக் கடக்கும் டார்மிகன் கோழி. அலாஸ்காவின் மாநிலப் பறவை இந்த டார்மிகன்தான். கோடையில் பழுப்பு, பனிக்காலத்தில் வெள்ளை.

கண்டதும் என்ன செய்ய வேண்டும்

ஓட்டுநர் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விலங்கைக் கண்டுபிடிப்பது பயணிகள் வேலை. கண்டவுடன் உரக்க 'ஸ்டாப்' என்று சொல்ல வேண்டும். 'அது கரடிதானா, கல்லா' என்று யோசித்துக்கொண்டிருந்தால் வண்டி இருநூறு அடி தாண்டியிருக்கும். கல்லுக்காக நிறுத்தினாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள், எல்லா வண்டியிலும் நடப்பதுதான்.

அடுத்து இடம் சொல்வது. வண்டியின் முகப்பை 12 மணி என்று வைத்துக்கொண்டால் இடப்பக்கம் நேர் 9 மணி, வலப்பக்கம் 3 மணி. 'பத்து மணி, பாதி உயரம், பனித்திட்டுக்குக் கீழே' என்று மூன்று தகவலும் சேர்த்துச் சொன்னால் நொடியில் எல்லோர் கண்ணும் அங்கே போகும். 'அதோ, அதோ' என்று விரலை நீட்டினால் ஒருவருக்கும் தெரியாது.

வண்டி நின்றதும் பேச்சை நிறுத்துங்கள். கையோ தலையோ கேமராவோ ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குனிந்து இடம் கொடுங்கள். அடுத்த விலங்கு அவர்கள் பக்கம் வரும்போது இந்த மரியாதை திரும்பக் கிடைக்கும்.

படம் எடுப்பவர்களுக்கு: 300 முதல் 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது. எஞ்சின் ஓடும்போது லென்ஸை ஜன்னல் சட்டத்தில் சாய்த்தால் அதிர்வு அத்தனையும் படத்தில் இறங்கும். ஓட்டுநர் எஞ்சினை அணைக்கும்வரை கையில் பிடித்தபடியே 1/1000 நொடிக்குக் குறையாத வேகத்தில் எடுங்கள். அணைத்த பிறகு மடித்த மேல்சட்டையைச் சட்டத்தில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தலாம். கண்ணாடி வழியே எடுத்த படம் தேறாது, தூசிப் படலத்தில்தான் ஃபோகஸ் விழும். லென்ஸ் மாற்றுவதை வண்டிக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம், சென்சார் முழுக்கப் புழுதி ஏறிவிடும். போனில் எடுப்பவர்கள், போனைப் பைனாகுலரின் ஒரு கண்ணில் ஒட்டிவைத்து எடுத்துப் பார்க்கலாம். கொஞ்சம் பழக வேண்டும்.

இறங்கி நடக்க நினைத்தால்

பச்சை வண்டியில் ஓட்டுநரிடம் சொன்னால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து இறக்கிவிடுவார். விலங்கு அருகில் இருந்தாலோ, சேபிள் கணவாய் போன்ற தடைப்பகுதியானாலோ இறக்க மாட்டார். இறங்கும் முன் ஒன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: திரும்பும் கடைசி வண்டி இந்த இடத்தைத் தாண்டுவது எத்தனை மணிக்கு? அதற்கு இரண்டு வண்டி முன்னதாகவே சாலைக்கு வந்து நில்லுங்கள். திரும்பி ஏற இடம் உறுதியில்லை; நான்கு பேர் என்றால் இரண்டிரண்டாகப் பிரிந்து ஏற வேண்டிவரலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரலாம். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் டெக்லனிக்காவுக்கு அப்பால் இறங்காமலிருப்பது நல்லது.

கரடிக்கும் உங்களுக்கும் இடையே 300 கஜம், அதாவது 275 மீட்டர். மூஸ், கரிபூ, ஆடு என்றால் 25 கஜம் இருக்க வேண்டும் என்பது விதி. நடக்கும்போது பேசிக்கொண்டே போங்கள், புதருக்குள் இருக்கும் கரடிக்கு நீங்கள் வருவது தெரிய வேண்டும். எதிர்ப்பட்டுவிட்டால் ஓடக் கூடாது. நிதானமான குரலில் பேசியபடி பின்வாங்குங்கள். மூஸுக்கு இது நேர்மாறு. காதைப் பின்னுக்கு மடக்கி, பிடரிமயிர் சிலிர்க்க வந்தால் ஓடி மரத்துக்குப் பின்னால் ஒளியுங்கள். குட்டியுடன் உள்ள தாய்மூஸ் ஆபத்தில் கரடிக்குக் குறைந்ததல்ல. நிலையத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே அது நின்றாலும் இதே எச்சரிக்கைதான்.

திரும்பிய பிறகு மீதமுள்ள பகல்

காலை வண்டி முற்பகலிலேயே திரும்பிவிடும். மதியம் மூன்றாம் மைலில் உள்ள பனிச்சறுக்கு வண்டி நாய்களின் கொட்டிலுக்கு இலவச வண்டியில் போகலாம். பனிக்காலத்தில் காவலர்கள் பூங்காவைச் சுற்றிவர இன்றும் இந்த நாய்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். கோடையில் தினமும் சில முறை வண்டியிழுத்துக் காட்டுவார்கள். நேரத்தை முதல் நாளே பார்வையாளர் மையத்தில் கேட்டு வையுங்கள்.

பிறகு அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுங்கள். மாலை ஏழுக்கு மேல் எழுந்து, சொந்தக் காரில் முதல் 15 மைலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கார் இல்லாதவர்களுக்குச் சேவேஜ் ஆறுவரை இலவச வண்டி உண்டு. கடைசி வண்டி எப்போது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் நிழலில் பதுங்கிய மூஸ் அப்போது வெளியே வரும், சாலையில் கூட்டமும் இருக்காது. 13ஆம் மைலில் 'மவுண்டன் விஸ்டா' என்ற நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுச் சிகரத்தை இன்னொரு முறை பாருங்கள். காலையில் மூடிக் கிடந்த மேகம் மாலையில் விலகுவதுண்டு. சாலை நடுவே காரை நிறுத்துவதுதான் இங்கே பெரிய குற்றம். ஒதுங்கு இடம் வரும்வரை பொறுங்கள், அங்கே நிறுத்தினாலும் காருக்குள்ளிருந்தே பாருங்கள்.

கையில் இன்னொரு நாள் இருந்தால் அதே பச்சை வண்டியையே வேறு நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். முந்தைய நாள் வெறுமையாகக் கிடந்த சேபிள் கணவாயில் மறுநாள் மூன்று கரடி நிற்பது இங்கே சாதாரணம்.